பந்தை வாங்கிக்கொண்டவர்

என் மகளின் கையிலிருந்து பந்தை வாங்கி அவர் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிடுங்கவில்லை. கையை நீட்டினார், அவள் கொடுத்தாள். அடுத்த பந்துக்காக ஓடத் தொடங்கும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். நடுவர்கள் அமரும் மேடையிலிருந்து இறங்கி, மைதானத்தின் குறுக்காக, அவசரம் எதுவும் காட்டாமல் அவர் நடந்து வந்திருந்தார். சுற்றிலும் கேமராக்கள். பந்து உள்ளே போனதும் அந்தப் பாக்கெட் புடைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு சட்டையில் செருகியிருந்த மைக்கைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, "இந்தப் பொண்ணு இனிமே இன்னிக்கு பந்து போட மாட்டா. என் அணியிலேருந்து நான் இவள விலக்கிக்கறேன்" என்றார். காரணம் சொல்லவில்லை. பார்வையாளர் பகுதியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை.

கிராமத்துப் பிள்ளைகளில் கிரிக்கெட் திறமையைத் தேடும் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. நடுவர்களாக மூன்று பேர், மூவரும் ஒரு காலத்தில் ஆடியவர்கள். ஒருவர் மட்டையாளர், எதைச் சொன்னாலும் சிரிக்க வைப்பார். இன்னொருவர் சுழற்பந்து வீசியவர், அவர் பேசினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், புரிந்ததா என்று தெரியாது. மூன்றாமவர், பந்தை வாங்கிக்கொண்ட இந்த அம்மா. வேகப்பந்து வீசி நாட்டுக்காக ஆடியவர். பெண்கள் கிரிக்கெட்டை யாரும் டிவியில் காட்டாத காலத்தில் ஆடி முடித்துவிட்டதால், நிகழ்ச்சி வரும்வரை எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. மூவருமே ஆளுக்கொரு அணியை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பார்கள், பிறகு அவர்களே உட்கார்ந்து மதிப்பெண்ணும் போடுவார்கள். ஆனால் இந்த அம்மா உட்கார மாட்டார். மற்ற இருவரும் சோபாவில் சாய்ந்திருக்க, இவர் அதன் பின்னால் கையூன்றி நின்றபடியே பேசுவார். திமிர் என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கட்சி இருந்தது. என் தம்பிதான் அதன் தலைவன்.

விதிகளில் ஒன்று, பயிற்சி கொடுப்பவர் தன் அணி ஆளையே போட்டியிலிருந்து விலக்கலாம் என்பது. அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அரையிறுதியில், இரண்டு பந்து மட்டும் வீசியிருந்த என் மகள் விஷயத்தில்தான் அது முதன்முதலாகப் பயன்பட்டது. ஜெயிப்பவருக்குச் சென்னையில் ஒரு வருஷம் தங்கிப் பயிற்சி பெறும் வாய்ப்பு. திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், டவுன் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற ஓர் ஊரில் பிறந்து வேகப்பந்து வீசும் பெண்ணுக்கு அப்படி ஒன்று இரண்டாம் முறை வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் பந்து வீசக் கற்றது எங்கள் வயலில். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுப் பறித்தவர், கடைசிக் காலத்தில் மூன்று மா நிலம், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், சொந்தமாக்கினார். நான் படித்து வேதியியல் வாத்தியாராகிவிட்டேன், நிலத்தைப் பார்த்துக்கொள்பவன் என் தம்பி. எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுப்பு மெஷின் வந்து போனபின் அறுத்து மிஞ்சிய தாளுக்கு நடுவே அது முளைத்துக்கொண்டிருக்கும். அதனால் மாசி, பங்குனியில் வயல் காலியாகக் கிடக்கும், பிள்ளைகள் ஆடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல இல்லை. உளுந்தை மிதித்தால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் அடி விழும். என் தம்பி மட்டும் ஒரே ஒரு வயலில் உளுந்து தெளிக்காமல் விட்டான். அண்ணன் மகளுக்காக. அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. கேட்டால், "அந்த மூலையில ஈரம் நிக்கல அண்ணே, போட்டாலும் காய்க்காது" என்பான்.

அந்த வயல் சிறியது. பந்து வீச ஓடி வருவதற்கு அதில் இடம் போதாது. எனவே அவள் அடுத்த வயலின் ஓரத்தில், வரப்பை ஒட்டி உளுந்து முளைக்காத காய்ந்த மண் பட்டையிலிருந்து ஓட்டத்தைத் தொடங்குவாள். இரண்டு வயலுக்கும் இடையில் ஒரு சின்ன வாய்க்கால், அதன் இருபுறமும் வரப்பு. முழு வேகத்தில் ஓடி வந்து, வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டி, இந்தப் பக்கம் கால் ஊன்றிய அந்த நொடியிலேயே பந்தை விட வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து அப்படியே வீசினாள். கால் தரையைத் தொடும்போது இடுப்பு ஒரு பக்கம் பார்க்கும், தோள் வேறொரு பக்கம் பார்க்கும். கயிற்றை முறுக்கிவிட்டது போல உடம்பு திரும்பிப் பந்து பறக்கும். கீழத்தெரு, மேலத்தெரு என்று எந்தப் பையனாலும் அதைத் தொட முடியாது. நாங்கள் வரப்பில் நின்று பார்த்து ரசித்தோம்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சிக்கான முதல் தேர்வு நடந்தது. சமதரையான மைதானம், வாய்க்கால் கிடையாது. ஆனாலும் என் மகள் ஓடி வந்து, இல்லாத வாய்க்காலைத் தாண்டினாள். மட்டையாளர் எழுந்து நின்றுவிட்டார். "எங்கம்மா புடிச்ச இந்தத் தாவல?" என்றார்.

"எங்க வயல்ல வாய்க்கால் இருக்கு சார். அதத் தாண்டித்தான் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். சோபாவுக்குப் பின்னால் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எத்தன வருஷமாத் தாண்டுற?" என்று கேட்டார். அவள் சொன்னதும், "சரி, என் அணிக்கு வா" என்றார். வேறொன்றும் இல்லை. நல்லதாக நாலு வார்த்தை பேசினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மூன்றே வாரத்தில் என் மகளின் தாவல் அவளைவிடப் பிரபலமாகிவிட்டது. அதை மெதுவாக ஓட்டி, பின்னால் இசை போட்டு, நிகழ்ச்சி தொடங்கும் முன்பெல்லாம் காட்டினார்கள். ஊருக்கு வந்து வயலில் படம் பிடித்தார்கள். நான் கால்சட்டை போட்ட வாத்தியார் என்பது அவர்களுக்கு ஏமாற்றம். "சார், ஒரு வேட்டி கட்டிக்கிட்டு வரப்புல நிக்க முடியுமா?" என்று ஒரு இளைஞர் பணிவாகக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் மனைவி, "அவரு வரப்புல நடந்தா வழுக்கி விழுவாருங்க, அதையும் படம் புடிச்சிருவீங்க" என்று சொல்லிவிட்டாள். கடைத்தெருவில் என் தம்பியின் கூட்டாளிகள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'வாய்க்கால் தாண்டிய வேங்கையே' என்று போட்டு, மகளின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நிஜ வேங்கை. வைத்தவர்களின் படங்கள் வேங்கையைவிடப் பெரியவை.

நான் கவலைப்படுகிறவன். இது என் குடும்பத்தில் எல்லோரும் அறிந்தது. அவள் சென்னையில் விடுதியில் தங்குவது, ஏசி அறையில் படுப்பது, வெளிச்சாப்பாடு, லிஃப்ட், எல்லாமே எனக்குக் கவலைதான். "கவலப்பட ஒண்ணும் கெடைக்கலன்னா, ஏன் கெடைக்கலன்னு கவலப்படுவாரு உங்கப்பா" என்று மனைவி போனில் மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். வாரம் ஒருமுறை சென்னைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். ஒருமுறை அவள் பையில் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே இருந்தது. கேட்டேன். "எல்லாரும் வச்சிருப்பாங்கப்பா. தசைப் பிடிப்புக்கு" என்றாள். அத்தனைக்கும் கவலைப்பட்ட நான் அதை மட்டும் நம்பினேன்.

பயிற்சியில் அந்த அம்மா என் மகளின் தாவலைக் குறைக்கப் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஓட்டத்தைச் சுருக்கச் சொன்னார். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, "இதத் தாண்டிக் கால் போகக் கூடாது" என்றார். மகளும் கேட்டாள். ஆனால் அப்படி வீசினால் வேகம் பாதியாகிவிடும். ஒரு சுற்றில் அப்படி வீசியபோது மற்ற இரு நடுவர்களும் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மட்டையாளர், "வாய்க்கால் வத்திப்போச்சாம்மா?" என்றார். அரங்கமே சிரித்தது. அன்று அறைக்குப் போய் அழுதிருக்கிறாள். அடுத்த சுற்றில் பழையபடி தாவினாள். முழு மதிப்பெண்.

அரையிறுதிக்கு நிகழ்ச்சிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மைதானத்தில், அவள் ஓடிவரும் பாதையின் குறுக்கே, ஒரு வாய்க்காலையே கட்டிவிட்டார்கள். ஃபைபர் தொட்டி, அதில் தண்ணீர், இருபுறமும் பச்சை. நாற்று என்று சொன்னார்கள். பார்வையாளர் பகுதியிலிருந்தே என் தம்பி கண்டுபிடித்துவிட்டான். "அண்ணே, அது நாத்து இல்ல, கோரை. நம்ம வயலா இருந்தா நாலு ஆளு வச்சுப் புடுங்கியிருப்பேன்." நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர்கள் கட்டிய வாய்க்கால் எங்களுடையதைவிட அகலம் என்பதைக் கவனிக்கவில்லை.

முதல் பந்து. தாவினாள், வீசினாள், ஸ்டம்ப் பறந்தது. கூட்டம் எழுந்து நின்றது. இரண்டாவது பந்து. அதுவும் வேகம்தான். ஆனால் வீசி முடித்துத் திரும்பி நடக்கும்போது அவள் இடது கை, இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் இடது பக்கம் போயிற்று. ஒரு நொடி. பிறகு அந்தக் கையாலேயே சட்டையைச் சரி செய்வது போல இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். நான் பார்த்தேன். பார்த்து, சட்டையைத்தான் இழுக்கிறாள் என்று நினைத்தேன். மேடையில் அந்த அம்மா சோபாவின் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

என் தம்பி கீழே இறங்கி ஓடப் பார்த்தான், காவலுக்கு நின்றவர்கள் தடுத்தார்கள். "என்னங்க அநியாயம் இது? ரெண்டு பந்துல ரெண்டும் தொட முடியலயே, எதுக்கு நிறுத்துறாங்க?" என்று கத்தினான். மேக்கப் செய்யும் வண்டிக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் இருந்தது, அங்கே எங்களை வரச் சொன்னார்கள். மகள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா வழக்கம்போல நின்றிருந்தார்.

"மேடம், நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் மகளைப் பார்த்து, "எழுந்திரும்மா. இடது கால்ல மட்டும் நில்லு" என்றார். அவள் நின்றாள். "கைய இடுப்புல வச்சுக்க. இப்ப மெதுவாப் பின்னால சாய்."

"எதுக்கு மேடம்?"

"சாயும்மா."

அவள் சாய்ந்தாள். கொஞ்சம்தான். அதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தையாக இருந்தபோது கதவிடுக்கில் விரல் நசுங்கிய அன்று கேட்டது. அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. என் மனைவி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன நாளா?" என்றார் அந்த அம்மா.

மகள் தரையைப் பார்த்தபடி, "பொங்கலுக்கு முன்னாடிலேருந்து" என்றாள்.

"காலையில எழுந்திருக்கறப்போ?"

"ஒருக்களிச்சுத்தான் எழுந்திருக்கணும் மேடம். கையூனி."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சார், டாக்டர் இல்ல நான். ஆனா இது தசைப் பிடிப்பு இல்ல. நாளைக்கே ஸ்கேன் எடுங்க. எலும்புல கீறல் விழுந்திருக்கும், இல்ல விழப் போகுது. இப்பவே நிறுத்தி வச்சா ஆறும். இன்னும் ரெண்டு மாட்ச் போட்டா பொளந்துரும். பொளந்துட்டா பந்த விடுங்க, நாளைக்கு ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாது, ஒரு கொழந்தையத் தூக்க முடியாது." தன் முதுகைத் தொட்டுக் காட்டி, "பதினெட்டு வயசுல எங்கிட்டேருந்து யாரும் பந்த வாங்கல சார். நல்லாப் போடுறேன்னு எல்லாரும் கை தட்டுனாங்க. இப்ப பாருங்க, கால் மணி நேரம் சேர்ந்தாப்புல ஒரு சோபாவுல ஒக்கார முடியல" என்றார்.

என் தம்பி மகளின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தோம். படத்தை வெளிச்சத்தில் வைத்து மருத்துவர் ஒரு பேனா முனையால் காட்டினார். முதுகெலும்பின் கீழ்ப் பகுதியில், இடது பக்கம், ஒரு மங்கலான கோடு. எனக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. "முழுசா உடையல. நல்ல நேரத்துல வந்துட்டீங்க. யாரு அனுப்புனாங்க?" என்று கேட்டார். நான் வெளியே வந்து, மருத்துவமனை வாசலில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இளநீர்க்காரர், "சார், மயக்கமா?" என்று ஒரு காயை வெட்டிக் கையில் கொடுத்தார். அதைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அந்தக் கோட்டோடு அந்த மைதானத்தில் அவள் எத்தனை பந்து வீசியிருப்பாள், நான் எத்தனை பந்துக்குக் கைதட்டியிருப்பேன்.

ஊரில் விஷயம் வேறு மாதிரி இருந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது, அவர் பந்தை வாங்கிப் பாக்கெட்டில் போடுவதையும் என் மகள் கண் கலங்குவதையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். வசை மழை பொழிந்தது. பொறாமை என்றார்கள், கிராமத்துப் பெண் என்பதால் இளக்காரம் என்றார்கள், அவருடைய நடையைக் கேலி செய்து வீடியோ போட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்குப் போன் செய்தேன்.

"வேணாம் சார்" என்றார் உடனே. "முதுகு அடிபட்ட பொண்ணுன்னு ஒரு தடவ பேரு விழுந்துச்சுன்னா, நாளைக்கு எந்த செலக்டரும் இவளக் கூப்பிட மாட்டான். ஆறட்டும். ஆடட்டும். அப்பறமா சொல்லிக்கலாம்."

"உங்கள இவ்ளோ கேவலமாப் பேசுறாங்களே மேடம்."

"எனக்கு என்ன சார், நான் இனிமே செலெக்ஷனுக்கா போகப் போறேன்?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

என் மகள் சிரிக்கவில்லை. ஒன்றரை மாதம் அவரிடம் பேச மறுத்தாள். கீறல் இருப்பது தெரிந்தும் கோபம் போகவில்லை. "எங்கிட்ட முன்னாடியே தனியா சொல்லியிருக்கலாம்ல? எல்லார் முன்னாடியும் வாங்கணுமா?" என்று கேட்டாள். நானும் அதை அவரிடம் கேட்டேன். "தனியா மூணு தடவ கேட்டேன் சார். வலி இல்லன்னா. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன் அந்தக் காலத்துல" என்றார். மகளிடம் சொன்னேன். அந்த வாரம் அவர் போன் வந்தபோது, போனை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

அதன்பின் வாரம் தவறாமல் அவர் போன் செய்தார். ஓய்வு, பாயில் படுத்துச் செய்யும் பயிற்சிகள், பிறகு நடை, பிறகு மெல்லோட்டம். மற்றவர்கள் எல்லோரும் எப்போது பந்து வீசுவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான். "காலையில எப்படி எழுந்த?" அது மட்டும்தான் உண்மையைச் சொல்லும் என்பார். பகலில் உடம்பு சூடாகிவிட்டால் வலி ஒளிந்துகொள்ளுமாம். ராத்திரி படுத்து, விறைத்து, மறுநாள் எழுகிற முதல் அசைவில்தான் முதுகு வாயைத் திறக்குமாம். மாதங்கள் போகப் போக மகளின் பதில் மாறியது. கையூன்றி எழுந்தேன் என்பது போய், ஒருக்களித்து எழுந்தேன் என்றாயிற்று. பிறகு, சும்மா எழுந்தேன் மேடம்.

குறுவை முடிந்து சம்பாவும் அறுத்தாகிவிட்ட சமயம், வேளாங்கண்ணிக்கு வந்தவர் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கியதும், "எங்க அந்த வாய்க்கால்?" என்றார். தம்பிதான் அழைத்துப் போனான். அவரைப் பற்றிப் பேசியதையெல்லாம் மறைக்க, வழியெல்லாம் "பாத்து வாங்க மேடம், இங்க சேறு, பாத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வரப்பில் நின்று, அவர் வயலின் நீளத்தையும் அகலத்தையும் பார்த்தார். பிட்ச் போட்டிருந்த திசையைப் பார்த்தார்.

"ஏங்க, இத ஏன் குறுக்கப் போட்டீங்க? நீளவாக்குல போட்டிருந்தா இந்த வயலுக்குள்ளயே ஓடி வந்திருக்கலாமே. வாய்க்காலே தாண்ட வேணாமே."

தம்பி தலையைச் சொறிந்தான். "அந்தப் பக்கம் போட்டா, மேடம்... அடிச்சா பந்து குளத்துல விழுந்துடும்."

அவர் குளத்தைப் பார்த்தார். வரப்பின் அந்தப் பக்கம், ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. பிறகு என் தம்பியைப் பார்த்தார். "பந்து தொலையாம இருக்கவா, இத்தன வருஷம் ஒரு பொண்ணு வாய்க்கால் தாண்டுனா?"

"அது தோணல மேடம். எங்க காலத்துலயும் குறுக்கதான் போடுவோம்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளும் சிரித்தாள், அவர் முன்னால் முதன்முறையாக. அன்றே பிட்ச்சைத் திருப்பிப் போட்டோம். அவர் வரப்பில் நின்றபடி சொல்லச் சொல்ல, தம்பி மண்வெட்டியால் தாளைச் செதுக்கினான். மகள் புதிதாக ஓடிப் பழகினாள். கால் ஊன்றும்போது இடுப்பும் தோளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் நாள் பந்து எங்கெங்கோ போயிற்று. குளத்துக்கும் போயிற்று. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தான்.

இந்த மாசி மாதம் மாவட்டப் பெண்கள் அணிக்காக அவள் மறுபடி பந்து வீசினாள். நான்கு ஓவர். தாவல் இல்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவர், "டிவில வந்த பொண்ணுதானே, ஜம்ப் பண்ணலயே" என்று ஏமாந்து போனார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு விக்கெட். ஆனால் மாலையில் அந்த அம்மா போன் செய்தபோது விக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது சார். நாளைக் காலையில பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. அவகிட்ட கேக்காதீங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் விடிந்து வெகு நேரமாகியும் அவள் எழவில்லை. நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, படிக்காமல், அவள் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "புள்ளையப் பாத்துப் பாத்தே எழுப்பிருவீங்க போல" என்றாள். ஆனால் அவளும் அடுக்களைக்குத் திரும்பிப் போகவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள். மகள் புரண்டாள். போர்வையை உதைத்தாள். எழுந்து நின்றாள், எப்படி எழுந்தாள் என்று கவனிக்கக்கூட நேரமில்லாத வேகத்தில். பிறகு கண்ணைத் திறக்காமலேயே இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு மேலே தூக்கி, முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து, வாயை முழுதாகத் திறந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். கை முதுகுக்குப் போகவில்லை. முகம் சுளிக்கவில்லை. அப்படி ஒரு வளைவை அவள் உடம்பில் நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்னப்பா, அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"எப்படி எழுந்தா சார்?"

"சோம்பல் முறிச்சா மேடம். நல்லாப் பின்னால வளைஞ்சு முறிச்சா."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

சொன்னேன்.